பழைய காரும் புதிய பிரேக்கும்

திருப்பத்தூர் மாவட்டத்தில் சவ்வாது மலையை அடுத்து அமைந்துள்ள ஊர் ஆலங்காயம். அங்கிருந்து காவலூருக்குச் செல்லும் சாலை, மலைமீது வளைந்து வளைந்து ஏறுகிறது. கடல் மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருப்பதைப் பலரும் அறிவர். இத்தகைய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு எஞ்சினின் வலிமை வேண்டும். இறங்கும் வண்டிக்கோ பிரேக்கின் வலிமை வேண்டும். ஏறும்போது எஞ்சின் ஓய்ந்தால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது பிரேக்கு ஓய்ந்தால் வண்டி நிற்காது. பின்னதே பேரிடர்.

நம் நாட்டுச் சாலைகளில் பன்னெடுங்காலம் ஓடிய கார் அம்பாசிடர். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரைத் தழுவி அமைக்கப்பட்ட இஃது, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. அதனைப் பேணிப் போற்றுவோர் இன்றும் உளர். பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மின் உட்புறத்தில், பிறை வடிவான இரண்டு ஷூக்கள் விரிந்து உராயும். அவ்வுராய்வினால் வண்டி நிற்கும்.

ஓடும் வண்டியின் ஆற்றல் நிற்கும்போது எங்கே செல்கிறது? அது வெப்பமாக மாறுகிறது. ஆட்களோடு 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதனை ஒருமுறை நிறுத்துவதால் தோன்றும் வெப்பம், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே கார் 300 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குமாயின், அவ்வாறு இருபத்தொரு முறை நிறுத்தியதற்கு ஒப்பான வெப்பம் உண்டாகும். சமவெளியில் நாள் முழுவதும் பரவித் தோன்றும் வெப்பம், மலையில் சில நிமிடங்களில் வந்து குவிகிறது.

மூடிய டிரம்மினுள் தோன்றும் வெப்பம் விரைவில் வெளியேறுவதில்லை. சூடேறிய டிரம் விரிந்து, ஷூவை விட்டு விலகுகிறது. ஷூமீது ஒட்டிய லைனிங்கும் உராயும் தன்மையை இழக்கிறது. ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி அடங்குவதில்லை. பிரேக்கு ஆயிலுக்கும் இவ்விடர் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது நாளடைவில் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிகளாகும். குமிழி அழுத்தத்தால் சுருங்குமாதலின், மிதித்த விசை சக்கரத்தைச் சென்று சேராது.

இக்குறையை நீக்க வந்ததே டிஸ்க் பிரேக்கு. இதில் சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு ஒன்றை இரண்டு பேடுகள் இருபுறமும் பற்றுகின்றன. தட்டு காற்றுப்பட வெளியே சுழல்வதால் விரைவில் குளிர்கிறது. 1953ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் கார் வென்றபின், இதன் சிறப்பு உலகெங்கும் பரவியது. நம் மாநிலத்திலும் 1962ஆம் ஆண்டில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றிப் பிரேக்குக் கருவிகள் செய்யும் தொழிலை வளர்த்தது.

பழைய காருக்கு டிஸ்க் பிரேக்கு பொருத்துவோர், முன் சக்கரங்களுக்கே அதனைப் பொருத்துவர். நிற்கும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன் பிரேக்குகளே மிகுதியாக உழைக்கின்றன. ஆயினும் தட்டை மட்டும் மாற்றுதல் போதாது. சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்தும். தட்டுக்கு அவ்வுதவி இல்லை. ஆகவே மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேண்டும். டிரம்முக்கு உரிய பழைய மாஸ்டர் சிலிண்டரில் சிறிதளவு அழுத்தம் எப்போதும் நிலைத்திருக்கக் கூடும்; அது பேடுகளை ஓயாமல் உராயச் செய்யும். மேலும் பழைய அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஆயில் வழி ஒன்றேயாதலின், ஓரிடத்தில் ஒழுகினாலும் யாவும் பயனற்றுப் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். பின் சக்கரங்கள் முன்னவற்றிற்கு முன்பே பூட்டிக்கொள்ளாதவாறு அழுத்தத்தைப் பகிர்தலும் வேண்டும். இன்றேல் வண்டி சுழன்று திரும்பிவிடும். பழைய லைனிங்கின் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். அதனை ஊதுதல் நுரையீரலுக்குத் தீங்கு. இவற்றையெல்லாம் தேர்ந்த தொழிலறிஞரே செய்தல் வேண்டும்.

எத்துணைச் சிறந்த பிரேக்கும் ஓட்டுநரின் அறிவுக்கு ஈடாகாது. எந்தக் கியரில் மலை ஏறினோமோ, அந்தக் கியரிலேயே இறங்குதல் நன்று; அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்குவோர், அவ்வுதவியையும் பூஸ்டரின் துணையையும் ஒருங்கே இழப்பர். சில துளிப் பெட்ரோலுக்கு உயிரை விலையாக வைத்தல் சிக்கனம் ஆகாது. விரைந்து செல்லும் ஆற்றலை வண்டிக்குத் தந்த மனிதன், வேண்டிய இடத்தில் நிற்கும் ஆற்றலையும் அதற்குத் தந்தபோதே அதன் தலைவன் ஆனான்.