ஸ்டெப்னியில காத்து இருக்கா பாஸ்?

பாடி ஜங்ஷன்ல ஒரு லேனைத் தோண்டிப் போட்டுட்டா என்ன பண்ணுவாங்க? தடுப்பு வெச்சு, வண்டிகளைப் பக்கத்து லேனுக்குத் திருப்பி விடுவாங்க. டிராஃபிக் ஊர்ந்து போகும். ஆனா, அம்பத்தூர் பஸ் எப்படியோ போய்ச் சேர்ந்துடும்!

பல பிராசஸர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் பெரிய கம்ப்யூட்டர்களிலும் இதே கதைதான். ஒரு பிராசஸர் மண்டையைப் போட்டால், மெஷினை ஆஃப் பண்ணாமலே அதை மட்டும் ஓரங்கட்டி, வேலையை மற்றவற்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

பஞ்சாயத்தே கிடையாது!

தேசிய பங்குச் சந்தை 1994-ல் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியபோது நம்பியது 'ஸ்ட்ராடஸ்' ரகக் கம்ப்யூட்டரை. அதன் டெக்னிக் சிம்பிள். ஒரே போர்டில் இரண்டு பிராசஸர்கள் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடும். விடை ஒத்துப்போகலையா? தப்பு யார் மேல என்று விசாரிக்காமல், மொத்த போர்டும் தானாக ஒதுங்கிவிடும். அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் ஜோடி போர்டு, எதுவுமே நடக்காத மாதிரி தொடரும். மெஷின் ஓடும்போதே கெட்டதை உருவிட்டுப் புதுசைச் செருகலாம்.

நீங்களும் ட்ரை பண்ணலாம்

லினக்ஸில் அட்மினாக நுழைந்து, 'சிஸ்' ஃபோல்டருக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ என்று வரிசையாகப் போங்க. ஒரு கோருக்கான 'ஆன்லைன்' ஃபைலில் 1-ஐ 0 ஆக்கினால் அந்தக் கோர் தூங்கிடும். அதன் வேலைகள் மற்ற கோர்களுக்குத் தாவிடும். ஓடுற பாட்டு நிக்காது! மறுபடி 1 போட்டால் டியூட்டிக்கு வந்துடும். (0-வது கோரை மட்டும் பெரும்பாலும் தூங்க வைக்க முடியாது.)

இருந்தும் கவிழ்ந்த நாள்

2021 பிப்ரவரி 24. காலை 11.40-க்கு அதே பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் லைன்கள் இருந்தும், ரெண்டிலுமே கோளாறு. மும்பைக்கு மாற்றாக நம்ம சென்னையில் ஒரு மையம் இருந்தும் அதற்கு மாறவில்லை. மாலை 3.45-க்குத்தான் மறுபடி வர்த்தகம்.

அடுத்த மாதமே செபி கறாராகச் சொன்னது: முக்கிய சிஸ்டம் முடங்கினால் 30 நிமிடத்துக்குள் 'பேரிடர்' என்று அறிவிக்கணும். அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையம் ஓடணும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை. நிஜ வர்த்தகத்தையே வைத்து ஒரு ஒத்திகை! முதல் செஷன் முதன்மை மையத்தில், அடுத்தது மாற்று மையத்தில்.

வீல்ஸ் இந்தியா இருக்கும் பாடியில் ஸ்டெப்னியைப் பற்றி யாருக்கும் கிளாஸ் எடுக்க வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதாது. காத்து இருக்கான்னு அப்பப்போ பார்க்கணும், ஒரு தடவையாவது மாட்டி ஓட்டணும். மாற்றுப் பிராசஸருக்கும் அதே ரூல்தான்.

அது சரி... உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டை பேக்கப் எடுத்து வெச்சிருக்கும் பென் டிரைவ் திறக்குதான்னு கடைசியா எப்போ பார்த்தீங்க?