காலடியில் நகரும் நிலம் – 9: பாறையில் ஒரு வெள்ளைக் கோடு

சென்ற வாரம் சான் பிரான்சிஸ்கோவில் விட்டோம். 1906-இல் அங்கே பூமி பிளந்த கோட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அறுந்து விலகிய வேலிகளின் நடுவே நாடா பிடித்து அளக்கவும் முடிந்தது. நிலநடுக்கம் என்றால் தரையில் ஒரு பிளவு தெரியும், அதைத் தேடிப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அதற்குப் பிறகு பல புவியியலாளர்கள் நம்பியதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கையை அலாஸ்கா உடைத்தது.

1964 மார்ச் 27, புனித வெள்ளி. மாலை 5.36 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நான்கு நிமிடங்களுக்கும் மேல் நீடித்தது. நான்கு நிமிடம் என்று படிக்கும்போது சின்னதாகத்தான் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தபடி அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், தெரியும். பிற்காலக் கணக்கில் அதன் அளவு 9.2. கருவிகள் பதிவு செய்தவற்றில் இதைவிடப் பெரியது 1960-இல் சிலியைத் தாக்கிய 9.5 ஒன்றுதான்.

ஆங்கரேஜ் நகரத்தில் களிமண் படுகையின் மேல் கட்டியிருந்த ஒரு குடியிருப்பு, தெருவோடும் வீடுகளோடும் கடலை நோக்கிச் சரிந்தது. வால்டீஸ் துறைமுகத்தில் கப்பலை வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகளும் சரக்கு இறக்கிய தொழிலாளர்களுமாக முப்பது பேர் வரை, நின்ற மேடையோடு கடலுக்குள் போனார்கள். அவர்களுக்குக் கீழே கடலடி மண்ணே சரிந்திருந்தது. செனேகா என்ற பூர்வகுடிக் கிராமத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்களை அலை கொண்டுபோனது. தெற்கே கலிபோர்னியாவின் கிரெசன்ட் சிட்டி வரைக்கும் சுனாமி போய்ப் பத்துப் பேருக்கு மேல் கொன்றது. மொத்தம் இறந்தவர்கள் சுமார் 130 பேர், அவர்களில் பெரும்பாலோர் தண்ணீரால். மக்கள் நெருக்கமாக வாழும் கரையாக இருந்திருந்தால் எத்தனை ஆயிரம் என்று நமக்கு 2004 சுனாமியில் தெரிந்தது.

மறுநாளே அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் மூன்று பேரை அங்கே அனுப்பியது. அவர்களில் ஒருவர் ஜார்ஜ் பிளாஃப்கர், வயது முப்பதுகளில். நிலநடுக்கம் அவருடைய துறை அல்ல. அலாஸ்காவின் பாறைகளை நடந்து பார்த்து வரைபடம் போடுவதுதான் வேலை. அந்தக் கரை பழக்கம் என்பதால் போகச் சொன்னார்கள். இந்தக் கதையில் அவர் நிலநடுக்க நிபுணராக இல்லாததே நல்லதாகப் போயிற்று என்பது என் கட்சி.

முதல் வேலை பிளவைத் தேடுவது. பின்னதிர்வுகள் 800 கி.மீ. நீளத்துக்குப் பரவியிருந்தன. அப்படியானால் எங்கோ ஒரு பெரிய வெட்டு தரையில் தெரிந்தாக வேண்டும். விமானத்தில் பறந்து பார்த்தார்கள். மான்டேகு தீவில் இரண்டு பிளவுகள் கிடைத்தன. ஒன்று 35 கி.மீ. நீளம், அதன் ஒரு பக்கம் ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. மற்றது இன்னும் சிறியது. தனியாகப் பார்த்தால் அவை மிரட்டும் பிளவுகள்தான், ஆனால் 800 கி.மீ. நிலநடுக்கத்துக்கு அவை காணாது. பெரிய பிளவு எங்கேயும் தென்படவில்லை.

ஆனால் நிலம் ஏறியும் இறங்கியும் போயிருந்தது என்பது கண்கூடு. கொர்டோவா துறையில் தண்ணீர் வற்றியது போலாகிப் படகுகள் தரை தட்டின. போர்ட்டேஜில் நேர்மாறாக, ஓதம் ஏறும்போதெல்லாம் உப்புநீர் ஊருக்குள் புகுந்து ஸ்புரூஸ் மரங்களை நின்ற நிலையிலேயே கொன்றது. எங்கே எவ்வளவு ஏறியது, எங்கே எவ்வளவு இறங்கியது? ஆளே இல்லாத, தீவும் குடாவுமாகச் சிதறிக் கிடக்கும் அந்தக் கரையில் அளவுக் கற்கள் நட்டு வைத்தவர் யாருமில்லை.

கொட்டலசு நட்டு வைத்திருந்தது. படகின் அடியிலும் பாலத்தூணிலும் கொத்தாக ஒட்டிக்கொண்டு, கால் பட்டால் கத்தியாகக் கிழிக்குமே, அந்தச் சுண்ணாம்புக் கூட்டுப் பிராணிதான். ஓதம் போதுமான நேரம் நனைக்கும் உயரம் வரைதான் அது வாழும். அதற்கு மேல் ஒரு சாண்கூட ஏறாது. அதனால் பாறையில் அதன் மேல் எல்லை கோடு கிழித்தாற்போல் ஒரே மட்டமாக இருக்கும். நிலம் உயர்ந்த இடங்களில் அந்தக் கூட்டம் தண்ணீர் எட்டாத உயரத்துக்குப் போய், செத்து வெளுத்து, பாறையில் வெள்ளைப் பட்டையாக நின்றது. இப்போது ஓதம் எட்டும் மட்டத்திலிருந்து அந்தப் பட்டையின் மேல் விளிம்பு வரை அளந்தால், அதுவே நிலம் ஏறிய அளவு. அடுத்த ஆண்டு கோடையில் புதிய கொட்டலசு புதிய எல்லையில் குடியேறியிருந்தது. பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் இடையே அளவுகோலை நிறுத்துவதே போதுமானதாயிற்று.

இந்த உத்தி பிளாஃப்கர் கண்டுபிடித்தது அல்ல. 1899-இல் அலாஸ்காவின் யாகுடாட் குடாவில் நிலம் 14 மீட்டருக்கு மேல் உயர்ந்ததை டார், மார்ட்டின் என்ற இரு புவியியலாளர்கள் இதே பிராணியை வைத்துத்தான் நிறுவினார்கள். பிளாஃப்கர் செய்தது அந்த உத்தியைச் சலிக்காமல் கொண்டுசென்றது. சிறு படகிலும் ஹெலிகாப்டரிலும் கரைகரையாக ஏறி இறங்கி, அவரும் கூட்டாளிகளும் 800-க்கும் மேற்பட்ட இடங்களில் அளந்தார்கள். புத்தகங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். குளிரில் வழுக்கும் பாறையில் ஓதம் வடியும் நேரம் பார்த்துக் காத்து நின்று ஒவ்வோர் எண்ணாகச் சேர்த்தது அந்த வரியில் தெரியாது.

எண்களை வரைபடத்தில் போட்டதும் ஒழுங்கு தெரிந்தது. கடலோரமாக ஒரு நீண்ட பட்டை முழுவதும் உயர்ந்திருந்தது. மான்டேகு தீவில் அதிகபட்சம் 11.5 மீட்டர். அதன் பின்னால் நிலப்பக்கமாக அதே நீளத்துக்கு இன்னொரு பட்டை முழுவதும் தாழ்ந்திருந்தது, 2.3 மீட்டர் வரை. இரண்டுக்கும் நடுவே ஏறவும் இறங்கவும் செய்யாத ஒரு சுழிக்கோடு. மொத்தப் பரப்பு தமிழ்நாட்டைவிடப் பெரியது.

இங்கேதான் சண்டை தொடங்கியது. கால்டெக்கின் ஃபிராங்க் பிரஸ் அன்றைக்கு நிலநடுக்கவியலில் பெரிய பெயர். பிற்பாடு அதிபர் கார்ட்டருக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவர். ஏறக்குறைய செங்குத்தாக, 100 கி.மீ.க்கும் மேல் ஆழமாக இறங்கும் ஒரு பிளவு என்பது அவர் முடிவு. அதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. நிலநடுக்க அலையின் முதல் உதறலை வைத்துக் கணக்குப் போட்டால் எப்போதும் இரண்டு தளங்கள் கிடைக்கும். அலாஸ்காவில் ஒன்று செங்குத்து, மற்றது படுத்த வாக்கில். எது உண்மையில் நழுவியது என்று அலை மட்டும் சொல்லாது. பிரஸ் முதல் தளத்தை எடுத்துக்கொண்டார்.

பிளாஃப்கர் சுழிக்கோட்டைக் காட்டினார். பிளவு செங்குத்து என்றால், ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கும் அந்த எல்லையில்தானே நிலம் வெட்டுப்பட்டிருக்க வேண்டும்? அங்கே ஒரு கீறல்கூட இல்லை. ஏறிய பக்கத்திலிருந்து இறங்கிய பக்கத்துக்கு நிலம் நோகாமல் சாய்ந்து போயிருந்தது. பின்னதிர்வுகளும் ஒரு கோட்டில் நிற்காமல் அகலமாகப் பரவி, அதிக ஆழமில்லாமல் இருந்தன. ஆக, நழுவிய தளம் கடலடியிலிருந்து அலாஸ்காவுக்கு அடியில் மெல்லச் சரிந்து இறங்குகிறது. அது வெளியே தலைகாட்டும் இடம் ஆழ்கடல் அகழிப் பக்கம். தரையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1965-இல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார். மான்டேகு தீவின் இரு பிளவுகளும் அந்தப் பெரிய தளத்திலிருந்து கிளைத்து மேலே வந்தவை.

ஒரு மூங்கில் பிளாச்சைத் தரையில் கிடத்தி, ஒரு முனையை அழுத்திப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அழுந்தும் முனை தாழும், அதற்குப் பின்னால் முதுகு புடைக்கும். விட்டால் முனை துள்ளி முன்னே எழும், புடைப்பு படியும். பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வீதம் அலாஸ்காவுக்கு அடியில் அமிழ்கிறது. இரண்டுக்கும் நடுவே உராய்வு பூட்டிக்கொள்வதால், மேலே உள்ள நிலத்தின் ஓரம் கீழே இழுபட்டுச் சுருங்குகிறது. பூட்டு விடுபட்ட அந்தச் சில நிமிடங்களில் ஓரம் எழுந்தது, உள்நிலம் படிந்தது. கரையில் பழைய அளவைக் குறிகளை மறுபடி அளந்தபோது, சில இடங்களில் நிலம் 20 மீட்டர் அளவுக்குக் கடலை நோக்கி நகர்ந்திருந்தது. அலையைக் கிளப்பியதும் இந்த எழுச்சிதான். உயர்ந்த பட்டையின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது.

காலத்தைக் கவனியுங்கள். தட்டு நகர்வுக் கொள்கை முழு வடிவம் பெற்றது 1967, 68-இல். பிளாஃப்கர் எழுதியபோது கண்டம் நகர்கிறது என்பதைக் கேலி செய்த பேராசிரியர்கள் நாற்காலியில் இருந்தார்கள். 1968-இல் அவர் சிலிக்குப் போனார். 1960 நிலநடுக்கம் நடந்து எட்டு ஆண்டுகள் ஆகியும் அங்கே கரையுயிர்கள் விட்ட தடம் அழியாமல் இருந்தது. கடலோரத் தீவுகள் ஐந்து மீட்டருக்கு மேல்கூட உயர்ந்திருக்க, உள்ளே வால்டிவியா பக்கம் மேய்ச்சல் நிலங்கள் தாழ்ந்து சதுப்பாகியிருந்தன. அலாஸ்காவில் கண்ட அதே இரட்டைப் பட்டை.

இன்னொரு சாட்சி அலாஸ்காவின் மிடில்டன் தீவு. 1964-இல் அது மூன்று மீட்டருக்கு மேல் எழுந்து, சுற்றிலும் புதுக் கரை ஒன்று வெளிவந்தது. அதற்கு மேலே படிக்கட்டாக இன்னும் ஐந்து பழைய கரைகள். படிகளில் புதைந்திருந்த மிதவை மரங்களின் கரிமக் காலக்கணக்கு ஏறக்குறைய 5,000 ஆண்டுகள் பின்னே போகிறது. ஒவ்வொரு படியும் 1964 போன்ற ஒரு நாள். இது திரும்பத் திரும்ப வரும் என்பதற்குத் தீவே அத்தாட்சி. 1964-இல் தாழ்ந்த அலாஸ்காவின் கோடியாக் தீவும் சும்மா இல்லை. அங்கே நிலம் இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26-இல் நாம் பார்த்தது அலையை மட்டும்தான். அந்தமான் நிக்கோபாரில் இருந்தவர்கள் மீதியையும் பார்த்தார்கள். வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. அகழிக்கு அருகில் இருந்தது ஏறியது, தள்ளி இருந்தது இறங்கியது. இம்முறை அளந்தவர்களிடம் ஜி.பி.எஸ்.ஸும் செயற்கைக்கோள் படங்களும் இருந்தன. பவளத்தையும் விட்டுவிடவில்லை.

போர்ட்டேஜில் உப்புநீர் கொன்ற மரங்களை நினைவில் வையுங்கள். அதே போன்ற பட்ட மரங்கள் வாஷிங்டன் மாநிலத்தின் ஆற்றுமுகங்களிலும் நிற்கின்றன. ஆனால் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்ததாக எழுதி வைத்த பதிவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த மரங்களைக் கொன்ற நிலநடுக்கத்தின் தேதி ஜப்பானில் கிடைத்தது: 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி வாக்கில். எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.