வயலுக்கு வந்த ஊசி மருந்து

ஆழியாறு பழைய ஆயக்கட்டில், எங்கள் ஆனைமலைப் பக்கம் நெல் போடுகிறவர்களுக்குப் பாக்டீரியா இலைக்கருகல் புதிதல்ல. மழையும் காற்றும் சேர்ந்தால் இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்துகொண்டே வரும். "ஆறு கிராம் பாக்கெட் வாங்கிட்டுப் போயி, காப்பர் மருந்தோட கலந்து அடிங்க" என்ற யோசனை உடனே வரும். அந்தப் பாக்கெட்டில் நூற்றுக்கு 90 பங்கு ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க்கு ஊசியாகப் போட்ட அதே மருந்துதானுங்க.

1943-இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து. காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அபூர்வமாகத் தசையையும் முடக்கும் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

நாம் கையைத் தூக்க நினைத்தால், நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் சுரந்து தசைக்குச் சேதி சொல்லும். அது சுரக்க, சுண்ணாம்புச் சத்து நரம்புக்குள் நுழைய வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின், நியோமைசின், ஜென்டாமைசின் போன்றவை ரத்தத்தில் அதிகமானால் அந்த நுழைவைத் தடுக்கும். மடையை அடைத்தால் வயல் காய்கிற கதைதான். கைகால் தளரும், மூச்சுத் தசை நின்றால் உயிருக்கே ஆபத்து. அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றுக்குள் நியோமைசின் விட்டதும் மூச்சு நின்றதை 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்.

மயக்க மருந்தோடு சேரும்போதும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அப்படி யாராவது வீட்டில் இருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் எழுதிய மருந்தைப் பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

வயலில் தெளித்தால் தசை முடங்கும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துப் போட வேண்டிய மருந்தை நாம் வாளியில் கரைப்பது சரியா என்றுதான் கேட்கிறேன். தெளிக்கத் தெளிக்கக் கிருமி பழகிக்கொள்ளும். நாளைக்கு நம் பிள்ளைக்குத் தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது. மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்ட வரைவு ஆணையும், 2024 ஜனவரி 1 முதல் பயிருக்கு இதைப் பயன்படுத்துவதை முற்றிலும் நிறுத்தச் சொன்னது.

மாற்று நம் தொழுவத்திலேயே இருக்கு. 100 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ புதுச் சாணம் கரைத்து, வடிகட்டி, நோய் தெரிந்ததும் ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை தெளியுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சாணக் கரைசலைப் பரிந்துரைக்கிறது. நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீங்க. தழைச்சத்தையும் அளவோடு கொடுங்க.