முதலில் கொட்டு, பிறகு அடுக்கு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் காப்புப் பிரதி எடுக்கும் 'பிஜி டம்ப்' கருவி எழுதித் தரும் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். முதலில் வருவது டேபிள்களின் வெறும் சட்டகம். அடுத்து 'காப்பி' என்ற கட்டளை, அதன்கீழ் வரிவரியாகத் தரவு. அதெல்லாம் கொட்டி முடிந்த பிறகுதான் பிரைமரி கீயும் மற்ற இண்டெக்ஸ்களும் வருகின்றன. டேபிள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஃபாரின் கீ கடைசியில். தேடலுக்கு உயிர்நாடியான இண்டெக்ஸை ஏன் இப்படிப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்?

புத்தகத்தின் சொல்லடைவை யாரும் பக்கத்துக்குப் பக்கம் திருத்திக்கொண்டே போவதில்லை. நூல் முடிந்ததும் ஒரே மூச்சில் தயாரிப்பார்கள். இங்கும் அதே கணக்குத்தான்.

இன்று பெரும்பாலான தரவுத்தளங்கள் நம்பியிருக்கும் இண்டெக்ஸ் வடிவம் 'பி-ட்ரீ'. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1970இல் உருவாக்கியது. போஸ்ட்கிரெஸில் இதன் ஒரு பக்கம் 8 கிலோபைட். எட்டு பைட் எண்ணை விசையாக வைத்து, பக்கத்தை 90 சதவீதம் நிரப்பினால் அதில் 366 பதிவுகள் அடங்கும். பத்துக் கோடி வரிகளுக்குச் சுமார் 2.73 லட்சம் பக்கங்கள் தேவை. ஆனாலும் மரத்தின் உயரம் நான்கே அடுக்கு. நான்கு பக்கங்களைப் புரட்டினால் பத்துக் கோடியில் எந்த வரியின் இருப்பிடத்தையும் பிடித்துவிடலாம்.

தேடுகிறவருக்கு இது வரம், ஏற்றுகிறவருக்குத் தலைவலி. இண்டெக்ஸ் இருக்கும்போதே தரவை ஏற்றினால், புதிதாக வரும் ஒவ்வொரு விசையும் அத்தனை லட்சம் பக்கங்களில் தன் இடத்தைத் தேட வேண்டும். அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் வட்டிலிருந்து எடுத்துவர வேண்டும். அது நிரம்பியிருந்தால் இரண்டாகப் பிளந்து, பாதியைப் புதுப் பக்கத்துக்கு மாற்றி, மேலடுக்கிலும் குறித்து வைக்க வேண்டும். டேபிளில் ஐந்து இண்டெக்ஸ் இருந்தால் ஒரு வரிக்கு இந்த வேலை ஐந்து முறை. விசைகள் தாறுமாறாக வரும்போது பக்கங்கள் சராசரியாக 69 சதவீதம்தான் நிரம்பியிருக்கும் என்கிறது கணிதம். நேரமும் போகிறது, இடமும் போகிறது.

கடைசியில் கட்டும்போது கதையே வேறு. எல்லா விசைகளையும் ஒரே ஓட்டத்தில் படித்து, நினைவகம் கொள்ளும் அளவுக்குத் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, அந்தத் துண்டுகளை ஒன்றாக்குகிறார்கள். 1945இல் ஜான் வான் நாய்மன் வகுத்த 'மெர்ஜ் சார்ட்' முறை இது. வரிசை கைக்கு வந்துவிட்டால் தேடலும் இல்லை, பிளவும் இல்லை. அடிப் பக்கங்களை இடமிருந்து வலமாக 90 சதவீதம் நிரப்பிக்கொண்டே போகலாம். மேலடுக்குகள் கீழிருந்து தாமாக எழும்பும். மீதிப் பத்து சதவீதம் நாளை வரப்போகும் பதிவுகளுக்கு. மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பிலிருந்து இந்த வழிக்கு மாறியது. 2018இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11, இந்த வரிசையாக்கத்தைப் பல பிராசஸ்கள் பங்குபோட்டுச் செய்ய வழிவிட்டது. இந்த வேலைக்கு அது இயல்பாக ஒதுக்கும் நினைவகம் 64 மெகாபைட்தான். பெரிய டேபிளுக்கு அதைக் கூட்டி வைப்பது வழக்கம்.

ஏற்றும் வேகத்தைக் கெடுக்கும் இன்னொன்று, வரிக்கு வரி 'கமிட்' செய்வது. ஒவ்வொரு கமிட்டும் தரவு வட்டில் பதிந்துவிட்டதா என்று உறுதிசெய்யக் காத்திருக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் நொடிக்குச் சுமார் 60 கமிட்தான் முடியும் என்று எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் ஆவணம் சொல்கிறது. பல்லாயிரம் வரிகளை ஒரே டிரான்சாக்‌ஷனில் கட்டிக் கொடுத்தால், சாதாரணக் கணினியிலேயே நொடிக்கு 50,000 வரிகள் ஏறும் என்பதும் அதே ஆவணத்தின் கணக்கு.

இண்டெக்ஸைக் கடைசியில் கட்டுவதற்கு விலையும் உண்டு. இண்டெக்ஸ் இல்லாத நேரத்தில் இரட்டைப் பதிவைத் தடுக்க ஆளில்லை. கோடிக்கணக்கில் ஏற்றிய பிறகு ஒரே ஒரு இரட்டை, யூனிக் இண்டெக்ஸ் கட்டும் வேலையை அப்படியே நிறுத்திவிடும். போஸ்ட்கிரெஸில் இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை டேபிளில் புதிதாக எழுதவும் முடியாது. எழுதுவதை நிறுத்தாமல் கட்டும் 'கன்கரன்ட்லி' வழி இருக்கிறது. அது டேபிளை இரண்டு முறை படிப்பதால் தாமதமாகும்.

ஆகவே காலி டேபிளுக்கு இது கைகண்ட மருந்து. ஏற்கெனவே பத்துக் கோடி வரிகள் உள்ள டேபிளில் ஒரு லட்சம் சேர்க்க இண்டெக்ஸைக் கழற்றினால், ஒரு லட்சத்துக்காகப் பத்துக் கோடியையும் மறுபடி அடுக்க வேண்டிவரும். அங்கே வரிகளைக் கட்டுக்கட்டாகக் கமிட் செய்தாலே போதும்.