தோல்விக்குப் பின் தலைமை

நுழையும்முன்

மக்களாட்சியில் தேர்தல்கள் வெற்றியாளரை மட்டும் உருவாக்குவதில்லை, தோற்றவரையும் உருவாக்குகின்றன. வென்ற கட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்கிறது. தோற்ற கட்சி, தன்னை வழிநடத்துபவர் யார் என்னும் வினாவுக்கு விடை தேடுகிறது. அந்த விடையைப் பொறுத்தே அக்கட்சியின் எதிர்காலம் அமைகிறது. தமிழக வரலாற்றில் ஒரு கட்சி அந்த வினாவை எதிர்கொண்ட விதத்தை இப்பாடம் விளக்குகிறது.

திருப்பூரில் ஒரு சந்திப்பு

இன்று பின்னலாடைத் தொழிலால் உலகச் சந்தையில் பெயர்பெற்று விளங்கும் நகரம் திருப்பூர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது தறியும் பருத்தியும் சார்ந்த சிற்றூராக இருந்தது. ஆயினும், அரசியல் விழிப்புணர்வில் அவ்வூர் சிறிதும் பின்தங்கியிருக்கவில்லை. 1932ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இவ்வூரில் நடந்த ஊர்வலத்தில், காவலர் தடியடிக்கு ஆளான குமரன், கையில் ஏந்திய கொடியை விடாமலேயே வீழ்ந்து உயிர்நீத்தார். கொடி காத்த குமரனின் மறைவு தமிழகமெங்கும் விடுதலை உணர்வைப் பெருக்கியது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1934இல் அதே திருப்பூரில் செங்குந்தர் இளைஞர் மாநாடு நடைபெற்றது. அங்கே, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈரோட்டைச் சேர்ந்த ஈ.வெ.ராமசாமியும், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இளைஞர் சி.என்.அண்ணாதுரையும் முதன்முதலாகச் சந்தித்தனர். ஒருவர் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கி நடத்தி வந்தவர்; மற்றவர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவர். அடுத்த சில ஆண்டுகளில், தேர்தலில் வீழ்ந்த ஒரு பழைய கட்சியை மாற்றி அமைக்கப் போகிறவர்கள் இவர்கள் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

நீதிக்கட்சியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1916ஆம் ஆண்டு டி.எம்.நாயர், பிட்டி தியாகராயர், சி.நடேசனார் ஆகியோரின் முயற்சியால் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. அது நடத்திய ஆங்கில இதழின் பெயரால் மக்கள் அதனை நீதிக்கட்சி என்றே அழைத்தனர். கல்வியிலும் அரசுப் பணிகளிலும் பிராமணர் அல்லாதார்க்கு உரிய பங்கினைப் பெறுவதே அதன் முதன்மை நோக்கம். 1920இல் நடைபெற்ற தேர்தலில் வென்று சென்னை மாகாணத்தில் அக்கட்சி ஆட்சி அமைத்தது. வகுப்புவாரி உரிமை ஆணை, பெண்களுக்கு வாக்குரிமை ஆகியன அதன் ஆட்சிக்காலத்தின் அழியா அடையாளங்கள்.

எனினும், காலப்போக்கில் கட்சியின் வேர் தளர்ந்தது. தலைமைப் பொறுப்புகள் பெரும்பாலும் குறுநில மன்னர்கள், நிலக்கிழார்கள், செல்வர்கள் ஆகியோரிடமே தங்கின. சிற்றூர்களில் கிளைகளை அமைத்து மக்களோடு பழகும் வழக்கம் கட்சியில் வலுப்பெறவில்லை. 1930இல் முதலமைச்சரான முனுசாமி நாயுடுவுக்கும் கட்சியிலிருந்த நிலக்கிழார்களுக்கும் பிணக்கு முற்றியது. 1932இல் பொப்பிலி அரசர் அப்பொறுப்புக்கு வந்தார். உலகளாவிய பொருளாதார மந்தத்தால் விளைபொருளின் விலை வீழ்ந்து உழவர் துன்புற்ற காலம் அது. மறுபுறம், திருப்பூர்க் குமரன் போன்றோரின் ஈகம் மக்கள் உள்ளத்தைக் காங்கிரசுப் பேரியக்கத்தின் பக்கம் திருப்பியிருந்தது.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வாக்குரிமையை முன்னிலும் விரிவாக்கியது. புதிதாக வாக்குரிமை பெற்றோரிடம் நீதிக்கட்சிக்கு நெருங்கிய உறவில்லை. 1937இல் நடந்த தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் காங்கிரசு 159 இடங்களை வென்றது. நீதிக்கட்சிக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இருபதே. முதலமைச்சராக விளங்கிய பொப்பிலி அரசர், தம் பெயரோடு இணைந்த பொப்பிலித் தொகுதியிலேயே வி.வி.கிரியிடம் தோற்றார்.

தோல்வி எழுப்பிய வினா

இத்தகைய தோல்வியைச் சந்திக்கும் கட்சியில் இரண்டு கருத்துகள் எழுவது இயல்பு. காற்று எதிராக வீசியது, அடுத்தமுறை நமக்குச் சாதகமாக வீசும் என்பது முதல் கருத்து. மக்களிடமிருந்து நாம் விலகிவிட்டோம் என்பது இரண்டாவது கருத்து. முதல் கருத்தை ஏற்கும் கட்சி, பழகிய முகங்களுள் ஒன்றைத் தலைமையில் அமர்த்திவிட்டுக் காத்திருக்கும். இரண்டாவதை ஏற்கும் கட்சி, தான் இழந்த மக்களுறவை மீட்டுத் தரக்கூடியவரைத் தேடும். எனவே, யாரைத் தலைவராக்குவது என்பதற்கு முன்னால், ஏன் தோற்றோம் என்பதற்குக் கட்சி நேர்மையாக விடை கூற வேண்டியிருக்கிறது.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வகுத்துள்ளார். ஆராய்ந்து ஒருவரைத் தேர்தல் ஒன்று. அவரால் ஆகும் செயலை அறிந்து அவரிடம் ஒப்படைத்தல் மற்றொன்று. செய்யவேண்டிய செயல் எதுவெனத் தெளியாத கட்சியால் தக்க தலைவரையும் கண்டறிய இயலாது.

சிறையில் இருந்த தலைவர்

தோல்விக்குப் பின் பொப்பிலி அரசர் கட்சிப் பணியிலிருந்து ஒதுங்கினார். கட்சி ஏறத்தாழச் செயலற்றிருந்தது. அந்நிலையில், 1938ஆம் ஆண்டு இராசாசி தலைமையிலான அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழறிஞர்களும் இளைஞர்களும் பெண்களும் எதிர்த்துக் கிளர்ந்தனர். திருச்சியிலிருந்து ஒரு தொண்டர் படை சிற்றூர்கள் வழியாகச் சென்னைக்கு நடந்தே சென்றது. நீதிக்கட்சி இருபது ஆண்டுகளில் எட்டாத சிற்றூர்களைப் போராட்டம் சில திங்களில் எட்டியது.

அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ஈ.வெ.ராமசாமி. 1938 நவம்பரில் சென்னையில் நடைபெற்ற பெண்கள் மாநாடு அவருக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கியது. அடுத்த திங்களில் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்தபோதே, 1938 டிசம்பர் 29 அன்று சென்னையில் கூடிய நீதிக்கட்சி மாநாடு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் வர இயலாத மாநாட்டில் அவருடைய தலைமையுரை படிக்கப்பட்டது.

இத்தேர்வு எளிதான ஒன்றன்று. அவர் அமைச்சராக இருந்தவர் அல்லர். சட்டமன்ற உறுப்பினரும் அல்லர். 1925 வரை காங்கிரசில் பணியாற்றிய அவர், நீதிக்கட்சியின் செல்வர்களைக் கடுமையாகக் குறைகூறியும் வந்தவர். கடவுள், சாதி, சடங்கு பற்றிய அவருடைய கருத்துகள் கட்சியின் மூத்தவர் பலருக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும், கட்சியிடம் இல்லாத மூன்று அவரிடம் இருந்தன. ஊர்தோறும் அவர் சொல்லைக் கேட்கும் தொண்டர்கள் இருந்தனர். 'குடி அரசு', 'விடுதலை' ஆகிய இதழ்கள் இருந்தன. கொள்கைக்காகச் சிறை செல்லும் துணிவு இருந்தது. தோல்வியின் காரணத்தை உணர்ந்தவர்கள், தம் கட்சியின் குறையை நிறைவு செய்பவரைத் தேர்ந்தனர்.

தெரியுமா?
1922ஆம் ஆண்டு திருப்பூரில் நடைபெற்ற தமிழ்நாடு காங்கிரசு மாநாட்டில், ஒடுக்கப்பட்ட மக்களின் கோவில் நுழைவு உரிமைக்கான தீர்மானத்தை ஈ.வெ.ராமசாமி முன்மொழிந்தார். அங்கே எழுந்த எதிர்ப்பு, பின்னாளில் அவர் காங்கிரசை விட்டு விலகுவதற்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளுள் ஒன்றாகும்.

தலைவர் மாறினார், கட்சியும் மாறியது

1939 மே மாதம் பெரியார் விடுதலையானார். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. கட்சிக்குப் புதிய குருதி பாய்ந்தது. ஆனால், புதிய தலைவர் பழைய பாதையில் செல்லவில்லை. ஆட்சியைக் கைப்பற்றுவதைவிடச் சமூகத்தை மாற்றுவதே முதற்பணி என அவர் கருதினார்.

1944 ஆகஸ்டு 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில் அண்ணாதுரை தீர்மானம் கொண்டுவரப்பட்டது. ஆங்கில அரசு அளித்த 'சர்', 'ராவ்பகதூர்' முதலிய பட்டங்களைத் துறக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதிப்பெயரை இணைக்கக் கூடாது என்பன அதன் கூறுகள். கட்சி 'திராவிடர் கழகம்' எனப் பெயர் மாறியது. திருப்பூரில் சந்தித்த இருவரும் பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு கட்சியின் இயல்பையே மாற்றி அமைத்தனர்.

இம்மாற்றத்திற்கு விலையும் இருந்தது. பட்டங்களையும் தேர்தல் அரசியலையும் விட மனமில்லாத மூத்தவர்கள் பிரிந்து, நீதிக்கட்சி என்னும் பெயரிலேயே தனித்து இயங்கினர். 1952 பொதுத்தேர்தலில் அவ்வணி ஒரே ஓர் இடத்தில் மட்டும் வென்றது. கம்பம் தொகுதியில் வென்ற பி.டி.இராசனே அந்த உறுப்பினர். அதன் பின் அப்பெயர் அரசியல் களத்திலிருந்து மறைந்தது. 1949 செப்டம்பர் 17 அன்று, பெரியாரிடமிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த அண்ணா, திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அவர் பொதுச்செயலாளராக மட்டும் இருந்து, தலைவருக்குரிய இருக்கையைப் பெரியாருக்கென வெறுமையாக வைத்தார். பிரிந்த பின்னும் ஒரு தலைமைக்கு அளித்த மதிப்பாக அச்செயல் நினைவுகூரப்படுகிறது.

இந்நிகழ்வுகள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. தோற்ற கட்சி புதிய தலைவரைத் தேர்வது, பழைய இருக்கையில் புதியவரை அமர்த்தும் செயலோடு முடிவதில்லை. தான் இனி எத்தகைய கட்சியாக இருக்கப் போகிறது என்பதையும் அது அன்றே தேர்ந்து விடுகிறது. 1938இல் வாக்களித்தவர்களுள் சிலர் அதனை முன்னரே உணர்ந்திருக்கலாம். பிறர் 1944இல்தான் உணர்ந்தனர்.

தோற்றவருக்கும் ஓர் இடம்

தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றவரை எவ்வாறு நடத்துவது என்பதும் இணையான முக்கியத்துவம் உடையது. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களுள் 152 மட்டுமே பெற்ற காங்கிரசு, தனிப் பெரும்பான்மையை இழந்தது. இராசாசி முதலமைச்சரானார். 1953இல் அவர் கொண்டுவந்த புதிய கல்வித் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது; அவர் பதவி விலகினார். 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராசரும், கொங்கு மண்டலத்தைச் சேர்ந்த சி.சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராசர் வென்றார். வென்றவர் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

பின்னல் துணியில் ஓர் இழை அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகளும் பிரியும் என்பதைத் திருப்பூரின் தொழிலாளர் நன்கு அறிவர். கட்சியில் ஒரு பிரிவு அறுந்து போகாதவாறு காமராசர் காத்தார். 1957 தேர்தலில் காங்கிரசு மீண்டும் பெரும்பான்மை பெற்றது. நீதிக்கட்சியில் முனுசாமி நாயுடு காலத்துப் பிணக்கு வளர்ந்த விதத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

யார் தேர்ந்தெடுப்பது?

கட்சித் தலைமையில் இரு நிலைகள் உண்டு. சட்டமன்ற உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்துகொள்ளும் சட்டமன்றக் கட்சித் தலைவர் ஒருவர். உறுப்பினர்களின் சார்பாளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் கட்சி அமைப்பின் தலைவர் மற்றொருவர். 1954இல் காமராசர் பெற்றது முதலாவது. 1938இல் பெரியார் பெற்றது இரண்டாவது.

இங்கிலாந்தின் பழமைவாதக் கட்சியில் நெடுங்காலம் மூத்த தலைவர்கள் தமக்குள் கலந்துபேசியே தலைவரை அறிவித்தனர். 1964 தேர்தல் தோல்விக்குப் பின் அம்முறை குறைகூறப்பட்டது. 1965இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து எட்வர்டு ஹீத்தைத் தேர்ந்தெடுத்தனர். 2001 தோல்விக்குப் பின் நடந்த தேர்வில் சாதாரண உறுப்பினர்களும் வாக்களித்தனர். இவ்வாறு, தேர்ந்தெடுக்கும் கைகளின் எண்ணிக்கை காலப்போக்கில் பெருகியிருக்கிறது.

இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவு பெறும் கட்சி மக்களாட்சி நெறியைப் பின்பற்றுவதாகத் தன் விதிமுறைகளில் உறுதி கூற வேண்டும். உள்கட்சித் தேர்தல் அந்நெறியின் முதற்படி. விதியில் எழுதப்பட்டிருப்பதை நடைமுறையில் உயிர்ப்புடன் வைத்திருப்பது கட்சித் தொண்டரின் கையில் உள்ளது.

தேர்தலில் தோற்ற கட்சிக்கும் ஆட்சியில் பங்குண்டு. அது வினவும் இடத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் நிற்கத் தக்க தலைவரை அது தேர்ந்தால், வென்ற கட்சியும் கவனத்துடன் ஆட்சி செய்யும். இன்னும் ஒரு சில ஆண்டுகளில் வாக்காளர் ஆகப்போகும் மாணவர்கள், தேர்தல் முடிவு வெளிவந்த நாளோடு தம் கவனத்தை நிறுத்திக்கொள்ளாமல், தோற்றவர்கள் அடுத்து யாரை, எவ்வாறு, எதற்காகத் தேர்கின்றனர் என்பதையும் நோக்கப் பழகுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. 1938இல் நீதிக்கட்சி மாநாட்டில் நீங்கள் ஒரு சார்பாளராக இருந்திருந்தால் யாரைத் தலைவராக முன்மொழிந்திருப்பீர்கள்? காரணங்களுடன் வகுப்பில் இரண்டு நிமிடம் உரையாற்றுக.

2. உங்கள் பள்ளி மன்றத் தேர்தலில் தோற்றவருக்கு எத்தகைய பொறுப்பு வழங்கலாம் எனக் குழுவாகக் கலந்துரையாடி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் ஊரில் நடைபெற்ற வரலாற்றுச் சிறப்புமிக்க மாநாடு ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து செய்தித் தொகுப்பு உருவாக்குக.