பந்திக்கு வரட்டும் ஊர்ப்பெயர்

இத்தாலிய விருந்தில் எல்லா உணவும் ஒரே நேரத்தில் பரிமாறப்படுவதில்லை. முன்னுணவு, முதல் உணவு, இரண்டாம் உணவு, இனிப்பு எனப் படிப்படியாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஒயின் உண்டு. தேர்வின் அடிப்படை எளியது: ஒரு வட்டாரத்தின் உணவுக்கு அவ்வட்டாரத்து ஒயினே துணை.

முன்னுணவுக்கு வெனெட்டோவின் நுரைக்கும் ப்ரொசெக்கோ, தஸ்கனியின் சுட்ட மாட்டிறைச்சிக்குக் கியாந்தி, அங்கேயே இனிப்புக்கு வின் சாந்தோ. கியாந்தியின் புளிப்பும் துவர்ப்பும் கொழுப்பின் திகட்டலை அறுக்கின்றன. நம் பந்தியில் நெய்யும் பருப்பும் உண்டபின் ரசம் வருவதும் இதே கணக்குத்தான்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், சுவையைவிட அதன் பின்னுள்ள விலையே என்னைச் சிந்திக்க வைக்கிறது. எந்த எல்லைக்குள், எந்தத் திராட்சையில், எப்படிச் செய்த ஒயினுக்கு ஓர் ஊரின் பெயரைச் சூட்டலாம் என்பதை 1963-இலேயே இத்தாலி சட்டமாக்கியது. ப்ரொசெக்கோ என்பது திராட்சை வகையின் பெயராகவும் வழங்கிவந்தது. வகையை எந்த நாட்டவரும் பயிரிடலாமே! எனவே 2009-இல் அத்திராட்சைக்குக் கிளெரா என்ற பழைய பெயரை நிலைப்படுத்தினர். த்ரியெஸ்தே அருகிலுள்ள ப்ரொசெக்கோ என்ற சிற்றூரைச் சான்றாக்கி, அப்பெயரை நிலத்தோடு பிணைத்தனர். பெயர் அவ்வட்டார உழவர்களின் பொதுச் சொத்தாயிற்று.

நம்மிடமும் 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் உள்ளது. ஈரோடு மஞ்சள் 2019-இலும் கம்பம் பன்னீர் திராட்சை 2023-இலும் குறியீடு பெற்றன. ஆனால், பதிவேட்டில் ஏறிய பெயர் இன்னும் பந்திக்கு வரவில்லை. நான் வாழும் கிணத்துக்கடவிலிருந்து தக்காளி லாரி லாரியாகக் கேரளம் செல்கிறது. வாளையாற்றைக் கடந்தால் அது வெறும் தக்காளி. பெயரில்லாத பொருளுக்கு வாங்குபவர் சொல்வதே விலை.

ஒயினுக்காக நான் வாதாடவில்லை. தென்னையிலிருந்து நீரா இறக்க 2017-இல் தமிழக அரசு அனுமதித்தது. கொங்கு விருந்தின் முதல் குவளை அதுவாக இருக்கலாம். திருமண விருந்தின் உணவுப் பட்டியலில் ‘பொள்ளாச்சித் தேங்காய்ப்பாலுடன் சந்தகை’ என்று அச்சிட ஒரு வரி போதும். உண்பவர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினால், வியாபாரியும் ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் வாங்கியாக வேண்டும். அன்றுதான் விலை பேசும்போது உழவரின் குரலும் எடுபடும்.