வெள்ளி தரும் மஞ்சள்

கோட்டுகாலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஊர்த் தேவாலயத்தைப் புதுப்பிக்கிறார்களாம். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி போடலாம் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. எந்த வண்ணக் கண்ணாடி என்பதில்தான் தகராறு. சாதாரணக் கண்ணாடியில் படம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டினால் போதும், செலவும் மிச்சம் என்று ஒரு கட்சி. அசல்தான் வேண்டும் என்று இன்னொரு கட்சி. 'கீழே முட்டுக்குத்தி நிற்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?' என்று கேட்கிறார்.

முதல் நாள் தெரியாதுதான். நாலைந்து கோடை கழியட்டும், எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டிக்கரில் நிறம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத் தின்னும். முதலில் சிவப்பு வெளிறும், பிறகு ஓரம் சுருளும். அசல் வேலையில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உலையில் கண்ணாடி உருகும்போதே உலோகத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். கோபால்ட் நீலம் தரும், மாங்கனீசு ஊதா தரும். செம்பு உலையின் காற்றைப் பொறுத்துப் பச்சையும் தரும், சிவப்பும் தரும். செம்புச் சிவப்பு ஒரு முரட்டு நிறம். கண்ணாடியின் முழுக் கனத்துக்கும் அதைச் சேர்த்தால் வெளிச்சமே ஊடுருவாது, கறுப்பாகத்தான் தெரியும். அதனால் நிறமில்லாத கண்ணாடியின் மேல் மெல்லிய ஏடாகச் சிவப்பைப் படிய வைப்பார்கள். உடைந்த சில்லின் ஓரத்தைப் பார்த்தால் சிவப்பு ஒரு கோடு மாதிரி மட்டும் இருக்கும்.

இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது ஈயப்பட்டை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'எச்' எழுத்தைப் போல இருக்கும். இரு பக்கப் பள்ளங்களிலும் கண்ணாடி உட்காரும். மூலைகளைச் சால்டர் வைத்துப் பற்றவைத்து, சுண்ணாம்புப் பொடியும் ஆளி விதை எண்ணெயும் குழைத்த மக்கை பிரஷ்ஷால் இடுக்குகளில் தேய்த்து ஏற்றுவார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அந்த மக்குதான். கண்ணாடியை அளவாக வெட்டுவதற்கான காகித வரைபடத்தைத் துண்டு துண்டாக நறுக்க மூன்று அலகுள்ள கத்தரிக்கோல் ஒன்று உண்டு. வெட்டும்போதே இரு துண்டுகளுக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் காகிதத்தை அது இழையாக எடுத்துவிடும். ஈயத்தின் நடுச்சுவர் வந்து உட்காருவதற்கான இடம் அது. அந்த இழையை எடுக்காவிட்டால் ஒரு வரிசையில் இருபது துண்டு கோக்கும்போது மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். ஜன்னல் சட்டத்துக்குள் நுழையாது.

இந்த வேலையின் அடிப்படைகள் 12ஆம் நூற்றாண்டிலேயே தியோபிலஸ் என்ற துறவி விளக்கமாக எழுதி வைத்துவிட்ட சங்கதி. ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் அவர் காலத்துக்குப் பிறகு, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பட்டறைகளில் பரவியது. அதுதான் வெள்ளியிலிருந்து வரும் மஞ்சள்.

அதற்கு முன்பு ஒரு நிறத்துக்கு ஒரு துண்டு. ராஜாவின் முகம் வெள்ளைக் கண்ணாடி, கிரீடம் மஞ்சள் கண்ணாடி என்றால் நெற்றிக்கு மேலே தடித்த ஈயக்கோடு ஓடியே தீரும். வெள்ளி வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. வெள்ளி உப்பு ஒன்றைக் களிமண்ணோடு குழைத்து, எங்கே மஞ்சள் வேண்டுமோ அங்கே மட்டும், பெரும்பாலும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பூசுவார்கள். சூளையில் 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வைத்து ஆற விடுவார்கள். வெளியே எடுக்கும்போது பார்க்கச் சகிக்காது, காய்ந்த சேறு அப்பியதைப் போலத்தான் இருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் சேறு பொடியாக உதிர்ந்து, அடியில் எலுமிச்சை மஞ்சளோ தேன் நிறமோ தெரியும்.

சின்ன வயதில் ஆடி மாதம் அம்மா அரைத்து வைத்த மருதாணி இதே கதைதான். வைத்தது பச்சை விழுது, காலையில் கழுவினால் கையில் சிவப்பு. ஒரே விழுது, தங்கைக்கு ரத்தச் சிவப்பு, எனக்கு வெறும் ஆரஞ்சு. வெள்ளியும் அப்படியே எல்லாக் கண்ணாடியிலும் ஒரே மாதிரி பிடிக்காது. கண்ணாடியின் சேர்மானம், சூடு, நேரம் மூன்றும் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கும். கைதேர்ந்தவர்களும் முதலில் ஒரு துண்டைச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

உள்ளே நடப்பது இடமாற்றம். சூட்டில் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் வெள்ளி அயனிகள் புகுந்து, பிறகு நானோ அளவிலான துகள்களாகத் திரள்கின்றன. அந்தத் துகள்கள் வெளிச்சத்தின் ஊதா, நீலப் பகுதியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாக வந்து சேர்கிறது. நானோ தொழில்நுட்பம் என்று இன்றைக்குக் கருத்தரங்கு நடத்துகிறோம். அந்தப் பெயரைக் கேள்விப்படாத பட்டறைக்காரர்கள் எழுநூறு வருஷத்துக்கு முன்பே தேவதூதர்களின் தலைமுடிக்கு அதைப் பூசிவிட்டார்கள். நீலக் கண்ணாடியின் மேல் இதே வெள்ளியைப் பூசினால் பச்சை வரும். ஒரே துண்டில் வானமும் மரமும்!

நம் நாட்டில் இந்த வேலைக்குப் பேர்போன இடங்கள் உண்டு. கொல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தின் மேற்கு ஜன்னல் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வடிவமைத்தது. அந்தமானில் 1872இல் கொல்லப்பட்ட மேயோ பிரபுவின் நினைவாக 1880இல் வைத்தார்கள். சென்னையில் 1896இல் இன்றைய வடிவம் பெற்ற சாந்தோம் பேராலயத்திலும் பார்க்கலாம். வண்ண வெளிச்சம் கிறிஸ்தவக் கோயிலுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கோட்டுகால்காரர்கள் களியக்காவிளை தாண்டித் தக்கலைக்குப் பஸ் பிடித்தால் பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே மந்திராலோசனை நடந்த அறையின் ஜன்னல்களில் இருப்பது கண்ணாடி அல்ல, மைக்கா. நம் பேச்சில் காக்காப்பொன். ஏடு ஏடாகப் பிரியும், சூட்டுக்கு அசையாது. உள்ளே நிறமான மங்கல் வெளிச்சம் வரும், வெக்கையும் தூசும் வராது. வெயிலை எப்படி உள்ளே விடுவது என்று திருவிதாங்கூர் தச்சர்கள் யோசித்திருக்கிறார்கள். நாமோ வெயிலை முழுசாக உள்ளே விட்டுவிட்டு ஏசிக்கு கரண்ட் பில் கட்டுகிறோம்.

பொதுக் கட்டடங்களில் நான் பார்க்கும் பெரிய அலட்சியம் கண்ணாடியில் இல்லை, அதைத் தாங்கும் உலோகத்தில்தான். அழகான வண்ணக் கண்ணாடி வைப்பார்கள். திருட்டுப் பயத்தில் அதற்கு வெளியே சதுரம் சதுரமாக இரும்பு கிரில் அடிப்பார்கள். காலை வெயிலில் மாதாவின் முகத்தின் மேல் கிரில்லின் நிழல் விழும். கிரில் அடிப்பவரும் கண்ணாடி செய்பவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை முடிந்துவிடுகிறது. பழைய பட்டறைகளில் காற்றைத் தாங்குவதற்கான குறுக்குக் கம்பிகளைப் படம் வரையும்போதே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கம்பி எங்கே வருமோ அங்கே ஈயக்கோடும் வரும். இரண்டையும் செம்புக் கம்பியால் முடிச்சுப் போடுவார்கள்.

கோட்டுகால் கடலோரப் பஞ்சாயத்து என்பதால் இன்னொரு எச்சரிக்கை. உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கம்பி பதித்த கல்லையும் சிமெண்டையும் பிளந்துவிடும். கம்பி பித்தளையோ வெண்கலமோ, கடற்கரைக்கு ஏற்ற 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ ஆகட்டும். பாதுகாப்புக்கென்று வெளியே பிளாஸ்டிக் தகடு மாட்டினால் மேலும் கீழும் காற்றுப் போக வழி விடுங்கள். ஈயம் சூட்டில் கண்ணாடியைப் போல மூன்று மடங்கு விரியும். அடைத்த இடுக்கில் வெக்கை தங்கினால் ஜன்னல் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். ஈயம் நஞ்சு என்பதால் வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளை விடக் கூடாது. வேலை செய்பவர்கள் கை கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

உபயம் எழுதுவதாக இருந்தால் அடி ஓரத்தில், சின்ன எழுத்தில். ட்யூப்லைட்டை மறைத்து எழுதுகிற பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டாம்.

பணம் போதாது என்றால் ஜன்னல் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட நடுவில் இரண்டடிக்கு மட்டும் அசல் வேலை வைத்து, சுற்றிலும் வெள்ளைக் கண்ணாடி போடுவதே மேல். அடுத்த தலைமுறை மிச்சத்தைச் செய்துகொள்ளும். ஒன்று மட்டும் கமிட்டியில் சொல்லிவிடுங்கள்: பழைய ஜன்னலைக் கழற்றும்போது அதில் நிறக் கண்ணாடி ஏதாவது இருந்தால் ஆக்ரிக்காரருக்கு எடை போட்டுவிட வேண்டாம். பக்குவமாகத் துடைத்து எடுத்தால் அந்தத் துண்டுகளைப் புது ஜன்னலில் சேர்த்துக்கொள்ளலாம்.